தூரத்து கேலக்ஸிகளை அல்ட்ராவயலட்ல பார்க்கறது எப்படி: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

28-ஆம் மேக்னிட்யூட்ல (பிரகாசத்தோட அளவு, நம்பர் கூடக் கூட மங்கல்) இருக்கற ஒரு கேலக்ஸியை ஹபிள் டெலஸ்கோப் எஃப்275டபிள்யூங்கற அல்ட்ராவயலட் ஃபில்டர் போட்டு பார்த்தா, டிடெக்டர்ல சுமாரா 36 செகண்டுக்கு ஒரு எலக்ட்ரான் தான் சேரும். நல்ல இருட்டுல வெறும் கண்ணுக்கு கடைசியா தெரியற நட்சத்திரம் இருக்கே, அதை விட 60 கோடி மடங்குக்கும் மேல மங்கல் அது. இவ்வளவு கம்மி வெளிச்சத்தை வச்சுக்கிட்டு இந்த கேலக்ஸியில இப்போ நட்சத்திரம் பிறக்குது, இது இவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்றாங்கன்னா அது எப்படின்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். டேட்டாவை நானே இறக்கி கை வச்சதுக்கு அப்புறம்தான் புரிஞ்சது, இதுல பாதி வேலை கேலக்ஸியை அளக்கறது இல்ல, அதை சுத்தி இருக்கற காலி இடத்தை அளக்கறது. அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க, கீழ வர்ற எல்லா படியும் அங்கதான் வந்து முடியும்.

டெலஸ்கோப் டைம் எதுவும் வேணாம். ஹபிள் எடுத்த டேட்டா மாஸ்ட்ங்கற ஆன்லைன் ஆர்கைவ்ல இலவசமா கிடைக்குது, ஒரு சாதாரண லேப்டாப், பைத்தான், அதுல ஆஸ்ட்ரோபை, ஃபோட்யூடில்ஸ்ங்கற ரெண்டு பேக்கேஜ், படம் பார்க்க டிஎஸ்9, இவ்வளவு போதும். எல்லாமே ஃப்ரீ.

முதல்ல கொஞ்சம் கணக்கு, அப்புறம் டவுன்லோட்

அல்ட்ராவயலட் எதுக்குன்னு தெளிவா இருந்தா தான் எந்த ஃபில்டரை எடுக்கணும்னு தெரியும். ஒரு கேலக்ஸியில பெரிய, சூடான நட்சத்திரங்கள் தான் அல்ட்ராவயலட்டை வாரி இறைக்கும், ஆனா அதுங்களுக்கு ஆயுசு கம்மி, சில பத்து லட்சம் வருஷத்துல இருந்து சில கோடி வருஷம் தான், அதனால அல்ட்ராவயலட்ல ஒரு கேலக்ஸி பிரகாசமா இருந்தா அங்க சமீபத்துல நட்சத்திரம் பிறந்திருக்குன்னு அர்த்தம். பழைய நட்சத்திரம் மட்டும் இருக்கற நீள்வட்ட கேலக்ஸி ஆப்டிகல் படத்துல ஜம்முனு உட்கார்ந்திருக்கும், அல்ட்ராவயலட் படத்துல அந்த இடம் வெறுமையா இருக்கும்.

தரையில இருந்து இதை பார்க்க முடியாது. சுமார் 310 நானோமீட்டருக்கு கீழ இருக்கற வெளிச்சத்தை ஓசோன் முழுங்கிடும். நமக்கு நல்லது, வானியலுக்கு கஷ்டம். அதனாலதான் டெலஸ்கோப் மேல போகணும்.

இப்போ ரெட்ஷிஃப்ட் கணக்கு. பிரபஞ்சம் விரியறதால தூரத்து வெளிச்சத்தோட அலைநீளம் வழியிலயே நீண்டுடும், எவ்வளவு நீளுதுங்கறது தான் ரெட்ஷிஃப்ட், அது கூடக் கூட தூரமும் கூடும். கேலக்ஸி கிளப்பின அலைநீளத்தை 1 கூட்டல் ரெட்ஷிஃப்ட்டால பெருக்கினா நம்மகிட்ட வந்து சேர்ற அலைநீளம் கிடைக்கும். ரெட்ஷிஃப்ட் 1-ல இருக்கற கேலக்ஸி 137 நானோமீட்டர்ல விட்ட வெளிச்சம் நமக்கு 275-ல வரும். இந்த கணக்கை பேப்பர்ல ஒரு பத்து தடவை போட்டு பாருங்க, கைக்கு வந்துடும்.

இதுல ஒரே ஒரு நம்பரை மறக்கவே கூடாது, 91.2 நானோமீட்டர். அதுக்கும் குறைஞ்ச அலைநீளத்துல வர்ற ஃபோட்டான் ஹைட்ரஜன் அணுவுல இருந்து எலக்ட்ரானை பிச்சு எடுத்துடும், எடுத்துட்டு தானும் காணாம போயிடும். கேலக்ஸிக்குள்ளயும் வழியிலயும் ஹைட்ரஜன் நிறைய இருக்கறதால 91.2-க்கு கீழ கிட்டத்தட்ட எல்லாமே கட், கத்தியால வெட்டின மாதிரி ஒரு எல்லை. இதைத்தான் லைமன் பிரேக்னு சொல்றாங்க. ரெட்ஷிஃப்ட் 3-ல இருக்கற கேலக்ஸிக்கு இந்த எல்லை 365 நானோமீட்டருக்கு நகர்ந்து வந்துடும், அதை தரையில இருந்தே பிடிச்சிடலாம். ஆனா ரெட்ஷிஃப்ட் 2-க்கு அது 274-ல தான் இருக்கும், அதுக்கு ஆகாயத்துல டெலஸ்கோப் இருந்தே ஆகணும். ரெட்ஷிஃப்ட் 2-ன்னா சுமார் 1000 கோடி வருஷம் முந்தைய வெளிச்சம், பிரபஞ்சத்துல நட்சத்திரங்கள் ரொம்ப வேகமா பிறந்துட்டிருந்த காலம் அது, அதைத்தான் பார்க்கணும்னு எல்லாரும் துடிக்கறாங்க.

எந்த டேட்டா

என் சிபாரிசு யுவியுடிஎஃப். ஹபிள் அல்ட்ரா டீப் ஃபீல்டுன்னு ஃபோர்னாக்ஸ் விண்மீன் கூட்டத்துல ஒரு சின்ன இடம் இருக்கு, 2003-04-ல ஆப்டிகல்ல எடுத்தாங்க. அதே இடத்தை 2012-ல ஹாரி டெப்ளிட்ஸ் தலைமையில ஒரு குழு டபிள்யூஎஃப்சி3 கேமராவோட யுவிஐஎஸ் பக்கத்தை (அல்ட்ராவயலட், ஆப்டிகல் எடுக்கற பகுதி) வச்சு 90 ஆர்பிட்டுக்கு, அதாவது ஹபிள் பூமியை 90 சுத்து சுத்தற அளவுக்கு, அல்ட்ராவயலட்ல எடுத்தாங்க. மூணு ஃபில்டர், ஒவ்வொண்ணுக்கும் 30 ஆர்பிட்: எஃப்225டபிள்யூ, எஃப்275டபிள்யூ, எஃப்336டபிள்யூ. பேருல இருக்கற நம்பர் தான் தோராயமான அலைநீளம், நானோமீட்டர்ல. இனிமே சுருக்கமா 225, 275, 336-ன்னே எழுதறேன்.

மாஸ்ட்ல இந்த பேரை தேடினா ரெடி பண்ணின மொசைக் படங்களும் (நிறைய எக்ஸ்போஷரை சேர்த்து ஒட்டின பெரிய படம்) கேட்டலாகும் கிடைக்கும். கேட்டலாக்ல 9927 கேலக்ஸிக்கு பிரகாசமும் ரெட்ஷிஃப்ட் மதிப்பும் இருக்கு, அல்ட்ராவயலட்ல இருந்து இன்ஃப்ராரெட் வரைக்கும் 11 ஃபில்டர் வரைக்கும் சேர்த்து போட்டது. நீங்க அளந்தது சரியான்னு ஒப்பிட்டு பார்க்க இதை விட நல்ல விடைத்தாள் கிடைக்காது, அதனாலதான் புதுசா வர்றவங்களை இங்கயே ஆரம்பிக்க சொல்றேன். இதை விட பரப்பளவு பெருசா வேணும்னா எச்டியுவி, யுவிகேண்டல்ஸ்னு ரெண்டு சர்வே இருக்கு, அதெல்லாம் ரெண்டாவது ரவுண்டுல.

ஒவ்வொரு ஃபில்டருக்கும் ரெண்டு ஃபைல் எடுக்கணும். ஒண்ணு படம், இன்னொண்ணு வெயிட் மேப், அதாவது எந்த பிக்சலை எவ்வளவு நம்பலாம்னு சொல்ற படம். நிறைய பேர் முதல் ஃபைலை மட்டும் எடுத்துட்டு வேலையை ஆரம்பிச்சிடறாங்க, அப்புறம் மொசைக்கோட ஓரத்துல இருக்கற குப்பையை எல்லாம் கேலக்ஸின்னு எண்ணிட்டு இருப்பாங்க. கூடவே ஆப்டிகல்ல எஃப்435டபிள்யூ, எஃப்606டபிள்யூ படங்களையும் இறக்கிடுங்க.

எதையும் அளக்காம அரை மணி நேரம் சும்மா பாருங்க

டிஎஸ்9-ல 606, 435, 336, 275 நாலையும் தனித்தனி ஃப்ரேம்ல திறந்து, வானத்துல இருக்கற இடத்தை (டபிள்யூசிஎஸ்) வச்சு லாக் பண்ணி, ஸ்கேலை இசட்ஸ்கேல்ல போட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு பிளிங்க் பண்ணி பாருங்க.

606-ல ஒரு ஸ்பைரல் கேலக்ஸியை எடுத்துக்குவோம், நடுவுல பளிச்சுனு உருண்டையா ஒரு மையம், சுத்தி மெலிசா கைகள். 435-க்கு வந்தா மையம் கொஞ்சம் வாடி, கைகள் தூக்கலா தெரியும். 336-ல மையம் பாதி போயிடும், கைகள் தொடர்ச்சியா இல்லாம முத்து முத்தா உடைஞ்சு நிக்கும். 275-ல அந்த முத்துக்கள் மட்டும் தான், நாலோ அஞ்சோ, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத புள்ளிங்க மாதிரி. அந்த ஒவ்வொரு முத்தும் நட்சத்திரம் பிறக்கற ஒரு பெரிய கொத்து. ஹபிளோட கூர்மை இந்த அலைநீளத்துல சுமார் 0.08 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600-ஆ பிரிச்சா ஒரு பங்கு தான் ஒரு ஆர்க்செகண்ட்), ரெட்ஷிஃப்ட் 1-ல அது ஏறத்தாழ 2000 ஒளியாண்டு, ஒரு கேலக்ஸியோட கையில தனித்தனி கொத்தை பிரிச்சு பார்க்க அது போதும். முதல் தடவை இதை பார்த்தப்போ நான் ரொம்ப நேரம் ஸ்கிரீனை விட்டு எழுந்திருக்கவே இல்ல.

இன்னொண்ணையும் கவனிங்க. 435-ல நல்லா தெரிஞ்ச சில சின்ன நீல கேலக்ஸி 336-லயும் இருக்கும், 275-க்கு வந்தா திடீர்னு இருக்கவே இருக்காது. அதை மறக்காம குறிச்சு வைங்க, பின்னாடி வேணும்.

36 செகண்டுக்கு ஒரு எலக்ட்ரான், அதுலயும் திருட்டு

ரெடி மொசைக் இருக்கும்போது டிடெக்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு எதுக்கு தெரிஞ்சுக்கணும்னு கேட்கலாம். தெரியலைன்னா நீங்க அளக்கற நம்பருக்கு அர்த்தமே தெரியாது, அதனால இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா போறேன்.

ஹபிள் பூமியை ஒரு தடவை சுத்த சுமார் 95 நிமிஷம், அதுல பாதி நேரம் பூமியே மறைச்சிடும். அதனால ஒரு ஆர்பிட்டுக்கு ரெண்டு எக்ஸ்போஷர், ஒவ்வொண்ணும் ஒரு 1350 செகண்டுன்னு வச்சுக்கோங்க. நம்ம 28-ஆம் மேக்னிட்யூட் கேலக்ஸி அந்த நேரத்துல 275 ஃபில்டர்ல தர்றது வெறும் 37 எலக்ட்ரான். அதை 0.2 ஆர்க்செகண்ட் ஆரம் உள்ள வட்டத்துல அளந்தா அதுக்குள்ள சுமார் 79 பிக்சல் இருக்கும், அப்போ பிக்சலுக்கு அரை எலக்ட்ரான் கூட இல்ல. ஆனா ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது எலக்ட்ரானிக்ஸ் போடற ரீட் நாய்ஸ் மட்டும் 3 எலக்ட்ரான். சிக்னலை விட படிக்கற சத்தம் பெருசு.

ஆப்டிகல்ல வானமே கொஞ்சம் வெளிச்சமா இருக்கறதால ரீட் நாய்ஸ் பெருசா தெரியாது. இந்த அல்ட்ராவயலட் பக்கம் வானம் அவ்வளவு இருட்டு, அதனால ரீட் நாய்ஸ் தான் ராஜா. அதனால இங்க நிறைய குட்டி எக்ஸ்போஷரை விட கொஞ்சம் நீள எக்ஸ்போஷர் தான் நல்லது, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அபராதம் கட்டணுமே. ரொம்பவும் நீட்டிக்கவும் முடியாது, காஸ்மிக் கதிர் வந்து கோடு கோடா இழுத்துடும், குறைஞ்சது ரெண்டு மூணு படமாவது இருந்தா தான் எது கதிர் எது கேலக்ஸின்னு பிரிக்க முடியும்.

இப்போ திருட்டு. சிசிடியில (கேமராவோட டிடெக்டர் சிப்) எலக்ட்ரான்களை வரிசை வரிசையா தள்ளிக்கிட்டே போய் ஓரத்துல இருக்கற ஆம்ப்ளிஃபையர்ல தான் படிப்பாங்க. விண்வெளி கதிர்வீச்சு வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு சிலிகான்ல குட்டி குட்டி பொறிகள் உண்டாகிடுச்சு. போற வழியில ஒவ்வொரு பொறியும் ஒண்ணு ரெண்டு எலக்ட்ரானை பிடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சம் லேட்டா விடும். பிரகாசமான நட்சத்திரத்துக்கு பின்னாடி ஒரு வால் மாதிரி தெரியும், பெரிய நஷ்டம் இல்ல. ஆனா மொத்தமே 37 எலக்ட்ரான் வச்சிருக்கற கேலக்ஸியோட கதி? காஞ்ச மண்ணுல ஒரு கை தண்ணி ஊத்தின மாதிரி, வந்து சேரவே சேராது. சார்ஜ் டிரான்ஸ்ஃபர் எஃபிஷியன்சி, சுருக்கமா சிடிஇ பிரச்சனைன்னு இதைத்தான் சொல்றாங்க.

வைத்தியம் கேட்டா முதல்ல விசித்திரமா இருக்கும். எக்ஸ்போஷர் முடிஞ்சதும் கேமராவுக்குள்ளயே ஒரு எல்இடி-யை போட்டு எல்லா பிக்சலுக்கும் ஒரு 12 எலக்ட்ரான் வேணும்னே சேர்ப்பாங்க, போஸ்ட் ஃப்ளாஷ்னு பேரு. மண்ணை முன்னாடியே நனைச்சு வைக்கற வேலை, பொறிகள் அந்த எலக்ட்ரான்களை தின்னுட்டு வயிறு நிறைஞ்சு உட்கார்ந்துடும், கேலக்ஸியோட எலக்ட்ரான் தப்பிச்சு வந்துடும். ஆனா அந்த 12-ம் நாய்ஸை கூட்டும். ஃப்ளாஷ் இல்லாம நம்ம கேலக்ஸிக்கு சிக்னல்-நாய்ஸ் விகிதம் ஒரு எக்ஸ்போஷர்ல 1.3, ஃப்ளாஷ் போட்டா 0.8-க்கு 0.9-க்கு இறங்கிடும். அப்படியும் ஃப்ளாஷ் தான் சரின்னு நான் சொல்வேன், ஏன்னா அந்த 1.3 பேப்பர்ல மட்டும் தான், நிஜத்துல எலக்ட்ரானே வராது. யுவியுடிஎஃப்-லயே முதல் பாதி ஃப்ளாஷ் இல்லாம எடுத்தாங்க, ரெண்டாம் பாதி ஃப்ளாஷோட எடுத்தாங்க, கடைசி கேட்டலாகுக்கு ஃப்ளாஷ் போட்டதைத்தான் நம்பினாங்க. அந்த ரெண்டாம் பாதியில ஒரு ஃபில்டருக்கு இருக்கற 30 எக்ஸ்போஷரை சேர்த்தா 30-ன் வர்க்கமூலம், 5.5 மடங்கு கூடும், 0.85-ஐ அதால பெருக்கினா 4.7. அதாவது 28-ஆம் மேக்னிட்யூட்ல 5 சிக்மாவுக்கு (நாய்ஸை விட 5 மடங்கு சிக்னல்) கொஞ்சம் கம்மி. அவங்க சொல்ற 5 சிக்மா ஆழம் 275-ல 27.8. கையால போட்ட கணக்கும் அவங்க நம்பரும் இவ்வளவு கிட்ட வந்ததை பார்த்தப்போ எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துடுச்சு, நீங்களும் போட்டு பாருங்க.

மூல எக்ஸ்போஷர்களை எடுத்து நீங்களே மொசைக் பண்ணணும்னா எஃப்எல்சின்னு முடியற ஃபைல்களை எடுங்க, அதுல சிடிஇ திருத்தம் பண்ணியிருக்கும், எஃப்எல்டி-ல பண்ணியிருக்காது. சிடிஇ நஷ்டம் ஆம்ப்ளிஃபையர்ல இருந்து தள்ளி இருக்கற வரிசைகள்ல தான் ஜாஸ்தி, யுவிஐஎஸ்-ல ரெண்டு சிப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பக்கம் அது. உங்க கேலக்ஸி அந்த பக்கமா விழுந்திருந்தா கூடுதலா சந்தேகப்படுங்க. டார்க் ஃபைலும் (ஷட்டரை மூடி வச்சு எடுத்த படம்) முக்கியம், வழக்கமான டார்க் படத்தை கழிச்சா பின்னணியில திட்டு திட்டா மிச்சம் நிக்குதுன்னு யுவியுடிஎஃப் குழு டார்க்கையே தனியா புதுசா தயார் பண்ணினாங்க.

படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கறது

இதுல நான் வாங்கின அடியை சொல்லிடறேன். 275 எக்ஸ்போஷர்களை ட்ரிஸில்பேக்ங்கற பேக்கேஜ் வச்சு நானே சேர்த்தேன், ட்வீக்ரெக்ங்கற டூல் நட்சத்திரங்களை கண்டுபிடிச்சு படங்களை ஒட்ட வைக்கும். ரன் முடிஞ்சது, எரர் எதுவும் இல்ல, நானும் சந்தோஷமா அளக்க ஆரம்பிச்சேன். ஒரு கேலக்ஸி 336-ல நல்லா இருக்கு, 275-ல சுத்தமா இல்ல, ஆஹா ரெட்ஷிஃப்ட் 2-க்கு மேல ஒண்ணு கிடைச்சிடுச்சுன்னு ரெண்டு நாள் அதையே சுத்தி வந்தேன். அப்புறம் கேட்டலாக்ல பார்த்தா அதோட ரெட்ஷிஃப்ட் 1-க்கும் கீழ. என்ன ஆச்சுன்னா, அல்ட்ராவயலட் எக்ஸ்போஷர்ல நட்சத்திரம் ரொம்ப கம்மி, காஸ்மிக் கதிர் ஆயிரக்கணக்குல, டூல் கதிர்களை நட்சத்திரம்னு நினைச்சு ஜோடி சேர்த்து படத்தை 0.2 ஆர்க்செகண்ட் தள்ளி ஒட்டிடுச்சு, என் வட்டம் கேலக்ஸி மேலயே இல்ல.

அதனால முதல்ல காஸ்மிக் கதிரை மாஸ்க் பண்ணுங்க, அப்புறம் ஆப்டிகல் படத்தோட கேட்டலாகை ஆதாரமா கொடுத்து அலைன் பண்ணுங்க, முடிச்சதும் பிரகாசமான ஒரு பத்து சின்ன கேலக்ஸியை எடுத்து 336-லயும் 275-லயும் மையம் ஒத்துப்போகுதான்னு கண்ணால பாருங்க. எரர் வரலைங்கறதும் சரியா வந்திருக்குங்கறதும் வேற வேற விஷயம்.

காலி இடத்தை அளங்க

இப்பதான் மெயின் வேலை. ட்ரிஸில் பண்ணும்போது, அதாவது எக்ஸ்போஷர்களை சேர்த்து மொசைக் ஆக்கும்போது, ஒரு மூல பிக்சலோட எலக்ட்ரான்கள் பக்கத்து பக்கத்து புது பிக்சல்கள்ல பகிர்ந்து விழும், அதனால பக்கத்து பிக்சல்களோட நாய்ஸ் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கும். பிக்சலோட சிதறலை மட்டும் பார்த்து நாய்ஸ் கணக்கு போட்டா நிஜத்தை விட கம்மியா வரும், உங்களுக்கு எல்லாமே கண்டுபிடிப்பா தெரியும்.

சரியான வழி ரொம்ப எளிமையானது. ஆப்டிகல் படத்துல எதுவுமே இல்லாத இடங்களா பார்த்து, வெயிட் மேப்ல நல்ல வெயிட் உள்ள பகுதியில, கேலக்ஸிக்கு வைக்கற அதே 0.2 ஆர்க்செகண்ட் வட்டத்தை ஒரு 1000 இடத்துல வைங்க. ஒவ்வொண்ணுலயும் கூட்டுத்தொகையை எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்க. அதோட நடு பூஜ்யத்துல இருக்கணும். இல்லைன்னா பின்னணி சரியா கழியலை, அதை முதல்ல சரி பண்ணுங்க. அதோட அகலம் தான் உங்க உண்மையான நாய்ஸ். இந்த ஒரு படத்தை சுவத்துல ஒட்டி வச்சுக்கணும்னு சொல்வேன், ஏன்னா இனிமே நீங்க சொல்லப்போற எல்லா இருக்கு-இல்லைக்கும் இதுதான் தராசு.

கேலக்ஸியை அளக்கறது

வட்டத்தை எங்க, எவ்வளவு பெருசா வைக்கணும்னு அல்ட்ராவயலட் படத்தை பார்த்து முடிவு பண்ணாதீங்க. அங்க ஒரே கேலக்ஸி நாலு முத்தா உடைஞ்சு கிடக்கும், சாஃப்ட்வேர் அதை நாலு கேலக்ஸின்னு எண்ணிடும். 435 மாதிரி ஒரு படத்துல எல்லையை வரைஞ்சு அதே எல்லையை 336, 275, 225 எல்லாத்துலயும் பயன்படுத்துங்க.

படத்துல இருக்கறது செகண்டுக்கு இத்தனை எலக்ட்ரான்ங்கற கணக்கு. அதை மேக்னிட்யூடா மாத்த ஜீரோ பாயிண்ட் வேணும், அதாவது செகண்டுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் தர்ற மேக்னிட்யூட். ஹெடர்ல ஃபோட்ஃப்ளாம், ஃபோட்ப்ளாம்னு ரெண்டு எண் இருக்கும். முதலாவதோட லாகை மைனஸ் 2.5 ஆலயும், ரெண்டாவதோட லாகை மைனஸ் 5 ஆலயும் பெருக்கி கூட்டி, அதுல இருந்து 2.408 கழிச்சா ஏபிங்கற மேக்னிட்யூட் அளவுகோல்ல ஜீரோ பாயிண்ட் வந்துடும். 275-க்கு 24-ஐ ஒட்டி வரணும், வேற எங்கயோ போனா கணக்குல தப்பு இருக்கு.

கேலக்ஸி எதுவும் தெரியாத இடத்துல மேக்னிட்யூட் போடாதீங்க, நெகட்டிவ் எண்ணுக்கு லாக் எடுக்க முடியாது, ப்ரோகிராம் படுத்துடும். பலர் அந்த வரிசையை டேபிள்ல இருந்தே தூக்கிடறாங்க, அதுதான் பெரிய தப்பு. நாய்ஸோட 2 மடங்கோ 3 மடங்கோ எடுத்து, இதை விட மங்கல்னு மேல் எல்லையா எழுதி வைங்க. ஒரு கேலக்ஸி இந்த ஃபில்டர்ல 27.8-ஐ விட மங்கல்னு தெரிஞ்சா அது ஒரு அளவீடு தான், வெத்து இல்ல.

தூசி பத்தி ஒரு வார்த்தை, அல்ட்ராவயலட்டை தூசி பயங்கரமா உறிஞ்சும், அதனால பிரகாசத்தை நேரடியா நட்சத்திரம் பிறக்கற வேகமா மாத்தினா கம்மியா வரும். அந்த திருத்தம் தனி தலைப்பு, இங்க விட்டுடறேன்.

காணாம போனவங்களை பிடிக்கறது

முன்னாடி குறிச்சு வச்ச கேலக்ஸிகளுக்கு வாங்க. 435-ல இருக்கு, 336-ல இருக்கு, 275-ல இல்ல. 91.2-ஐ 3-ஆல பெருக்கினா 274, அப்போ லைமன் பிரேக் 275 ஃபில்டர் மேலயே உட்கார்ந்திருக்கு, ரெட்ஷிஃப்ட் 2-ஐ சுத்தி எங்கயோ இருக்கணும். 225-ல மட்டும் காணாம போனா 1.7 பக்கம், 336-லயும் காணாம போனா 2.7-க்கு அப்பால. 1995 டிசம்பர்ல பத்து நாள் ஒரே இடத்தை பார்த்து எடுத்த முதல் ஹபிள் டீப் ஃபீல்டுலயே எஃப்300டபிள்யூ ஃபில்டரை வச்சு இந்த மாதிரி கேலக்ஸிகளை பிரிச்சாங்க, அந்த முறை இன்னைக்கும் அப்படியே நிக்குது.

ஆனா 275-ல இல்லைங்கறது மட்டும் போதாது. 275-க்கும் 336-க்கும் குறைஞ்சது 1 மேக்னிட்யூட் வித்தியாசம் இருக்கணும், அதே நேரம் 336-க்கும் 435-க்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ரெண்டாவது நிபந்தனை ஏன்னா, பழைய சிவப்பு கேலக்ஸியும் தூசி நிறைஞ்ச கேலக்ஸியும் அல்ட்ராவயலட்ல மங்கிடும், ஆனா அது படிப்படியா மங்கும், லைமன் பிரேக் மட்டும் தான் ஒரே படியில விழும். 336-லயே மங்கலா 28.2-ல இருக்கற கேலக்ஸியை எடுத்துக்காதீங்க, உங்க 275 எல்லை 27.8-ன்னா அது காணாம போச்சா இல்ல உங்களுக்கு எட்டலையான்னு சொல்லவே முடியாது. முதல் தடவைக்கு 336-ல 26-ஐ விட பிரகாசமானதா ஒரு பத்து எடுங்க, ரெட்ஷிஃப்ட்டை கேட்டலாகோட ஒப்பிடுங்க, பத்துல எத்தனை சரின்னு பாருங்க.

91.2-க்கு கீழ வெளிச்சம் வந்தா

எல்லாம் கட் ஆகும்னு சொன்னேன்ல, சில கேலக்ஸியில இருந்து மட்டும் கொஞ்சம் தப்பிச்சு வெளியே வரும். பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துல ஹைட்ரஜனை எல்லாம் அயனி ஆக்கினது எதுங்கற பெரிய கேள்விக்கு இந்த தப்பிச்ச ஃபோட்டான்கள் தான் தடயம், அதனால உலகம் முழுக்க தேடறாங்க.

இதுல ஆஸ்ட்ரோசாட் பண்ணின வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும். 2015 செப்டம்பர் 28 அன்னைக்கு இஸ்ரோ அனுப்பின செயற்கைக்கோள், அதுல இருக்கற யுவிஐடி டெலஸ்கோப்போட கண்ணாடி சுமார் 38 சென்டிமீட்டர் தான், ஹபிளோடது 2.4 மீட்டர். ஆனா யுவிஐடி ஒவ்வொரு ஃபோட்டானா எண்ற டிடெக்டர், செகண்டுக்கு சுமார் 29 ஃப்ரேம் எடுத்து எங்க எப்போ விழுந்துச்சுன்னு பதிவு பண்ணும், ரீட் நாய்ஸ்ங்கற அபராதமே இல்ல, பின்னணி ரொம்ப அடங்கி இருக்கும். 2016 அக்டோபர்ல இதே அல்ட்ரா டீப் ஃபீல்டு இருக்கற பகுதியை 28 மணி நேரத்துக்கும் மேல பார்த்து, ரெட்ஷிஃப்ட் 1.42-ல இருக்கற ஏயுடிஎஃப்எஸ்01-ங்கற கேலக்ஸியில இருந்து தப்பிச்ச ஃபோட்டான்களை பிடிச்சாங்க, கிளம்பும்போது அதோட அலைநீளம் சுமார் 60 நானோமீட்டர். புனேல இருக்கற ஐயூகாங்கற வானியல் ஆய்வு மையத்தோட கனக் சாஹா தலைமையிலான குழு 2020-ல தான் இதை வெளியிட்டாங்க. அவ்வளவு வருஷம் ஏன்னா சந்தேகங்களை ஒண்ணொண்ணா தீர்க்கணும், இது பின்னணி ஏற்ற இறக்கமா, பக்கத்து கேலக்ஸி சிந்தினதா, எல்லாத்துக்கும் பதில் வேணும். யுவிஐடி-யோட கூர்மை ஒன்றரை ஆர்க்செகண்ட் அளவு தான், அதுக்குள்ள வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு ஹபிள் படத்தை வச்சு தான் பார்க்க முடியும்.

உங்க டேட்டாவுலயும் இதை முயற்சி பண்ணலாம். ரெட்ஷிஃப்ட் 2.5-க்கு மேல இருக்கற கேலக்ஸிகளை கேட்டலாக்ல இருந்து எடுத்தா 275 ஃபில்டர் முழுக்க 91.2-க்கு கீழ போயிடும், அங்க எதாவது தெரிஞ்சா அது பெரிய செய்தி. தெரியும், கண்டிப்பா ஒண்ணு ரெண்டு தெரியும், பெரும்பாலும் அது முன்னாடி நிக்கற வேற ஒரு சின்ன நீல கேலக்ஸி. 275-ல வெளிச்சம் வர்ற புள்ளியோட மையத்தையும் 606-ல கேலக்ஸியோட மையத்தையும் அளந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க, அதே வெளிச்சம் எக்ஸ்போஷர்களை ரெண்டு பாதியா பிரிச்சு தனித்தனியா சேர்த்தாலும் ரெண்டுலயும் வருதான்னு பாருங்க, ஒரு பாதியில மட்டும் வந்தா அது காஸ்மிக் கதிரோட மிச்சமா தான் இருக்கும். அப்புறம் அந்த 1000 காலி வட்டத்தோட ஹிஸ்டோகிராம்ல உங்க எண்ணை வச்சு, அதுக்கு சமமாவோ மேலயோ எத்தனை காலி இடம் வந்திருக்குன்னு எண்ணுங்க. மூணோ நாலோ வந்திருந்தா இன்னைக்கு அந்த ஃபைலை மூடி வச்சுடுங்க. ஒண்ணு கூட வரலைன்னா தூக்கம் போயிடும், அந்த கேலக்ஸிக்கு ஸ்பெக்ட்ரம் எடுத்து யாராவது ரெட்ஷிஃப்ட்டை உறுதி பண்ணியிருக்காங்களான்னு தேட ஆரம்பிங்க.